எல்லைக்கு அந்தப் பக்கம்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள். பெரும்பாலும் அண்டை நாடுகளைப் பற்றியவை. ஆனால் பலவும் அவரவர் ஊர்த் தண்ணீரிலோ பட்டுக்கூட்டிலோ உப்பிலோதான் தொடங்குகின்றன. பதில்களையும் அங்கிருந்தே தொடங்கியிருக்கிறோம்.

சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்துவிட்டோம், இனிப் பாகிஸ்தான் வறண்டுவிடும் என்று டீக்கடையில் அடித்துப் பேசுகிறார்கள். கர்நாடகம் அணையை மூடினால் ஒகேனக்கல்லில் பாறை தெரிவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதே மாதிரி அங்கேயும் செய்ய முடியுமா?
— பென்னாகரம் வாசகர்

இன்றைய நிலையில் முடியாது. தண்ணீரை நிறுத்த வேண்டுமானால் அதைத் தேக்கி வைக்க இடம் வேண்டும். காவிரியில் கர்நாடகத்துக்கு அந்த இடம் இருக்கிறது. கிருஷ்ணராஜ சாகர் 49.45 டி.எம்.சி.; அதோடு கபினி, ஹேமாவதி, ஹாரங்கி மூன்றையும் சேர்த்தால் 114.57 டி.எம்.சி. நமக்கு ஓராண்டுக்கு வரவேண்டியதே 177.25 டி.எம்.சி.தான். அதனால் பருவமழை பிந்தினால் கர்நாடகம் தேக்கிக்கொள்கிறது, இங்கே பாறை தெரிகிறது.

சிந்துவின் கணக்கு வேறு. 1960 செப்டம்பர் 19ல் கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆறுகளையே பிரித்தது. ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய கிழக்கு ஆறுகள் மூன்றும் நமக்கு. சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்கு ஆறுகள் மூன்றும் அவர்களுக்கு. கிழக்கு ஆறுகளை இழந்த பாகிஸ்தான் மாற்றுக் கால்வாய்கள் வெட்டிக்கொள்ள, இந்தியா 6 கோடியே 20 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டைப் பத்துத் தவணையில் கொடுத்தது. ஜீலத்தில் மங்களா அணையும் சிந்துவில் தர்பேலா அணையும் அந்தத் திட்டத்தின் வழியே வந்தவை.

மேற்கு ஆறுகளில் ஓராண்டில் ஓடும் நீர் சுமார் 135 மில்லியன் ஏக்கர் அடி. ஒரு மில்லியன் ஏக்கர் அடி என்பது 43.56 டி.எம்.சி. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 5,880 டி.எம்.சி. வருகிறது. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றால், 63 மேட்டூர் நிரம்பும் தண்ணீர் இது. அந்த ஆறுகளில் இந்தியா தேக்கிக்கொள்ள ஒப்பந்தம் அனுமதித்த மொத்த அளவே 3.6 மில்லியன் ஏக்கர் அடி, அதாவது சுமார் 157 டி.எம்.சி. அதையும் நாம் முழுதாகக் கட்டி முடிக்கவில்லை.

செனாப்பில் இருக்கும் பக்லிஹார் அணையைப் பாருங்கள். 900 மெகாவாட் நீர்மின் நிலையம், பெரிய பெயர். மின்சாரத்துக்காக ஏற்றி இறக்கிக்கொள்ளும் நீர் எவ்வளவு என்பதில் சண்டை வந்து, 2007ல் நடுநிலை நிபுணர் 3 கோடியே 25 லட்சத்து 60 ஆயிரம் கனமீட்டர் என்று தீர்ப்புச் சொன்னார். நம் கணக்கில் அது 1.15 டி.எம்.சி. வெள்ளக் காலத்தில் செனாப்பை ஒரு நாள்கூட இதில் அடக்க முடியாது. மேலே தேங்கினால் அணைக்கு ஆபத்து, திறந்துதான் ஆகவேண்டும். ஆற்றையே வேறு பக்கம் திருப்ப மலையைக் குடைந்து சுரங்கக் கால்வாய் வேண்டும். அது முடிய ஆண்டுகள் ஆகும்.

அப்படியானால் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்த 2025 ஏப்ரல் 23 அறிவிப்பு வெறும் பேச்சா என்றால், அதுவும் இல்லை. தண்ணீரின் அளவை மாற்ற முடியாதே தவிர, வரும் நேரத்தை மாற்ற முடியும். குளிர்காலத்தில் செனாப் மெலிந்து ஓடும். அப்போது நாலைந்து நாள் தேக்கி ஒரே மூச்சில் திறந்துவிட்டால், கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை கீழே குலைந்துபோகும். இரண்டாவது, வண்டல். அணைகளின் அடியில் தங்கும் சேற்றை எப்போது கழுவி விடலாம் என்பதற்கும் ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இருந்தது. மூன்றாவது, தகவல். நீர்மட்டக் கணக்கு தினமும் கைமாறாவிட்டால் கீழே இருப்பவருக்கு வெள்ளமும் தெரியாது, வறட்சியும் தெரியாது. இருந்தும் 2025 ஆகஸ்டில் ஜம்முவின் தாவி ஆற்றில் வெள்ளம் வந்தபோது, இந்தியத் தூதரகம் வழியாகப் பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை போனது. போனதுதான் சரி. ஆற்றங்கரையில் மாடு கட்டியிருக்கிறவனுக்கும் போருக்கும் சம்பந்தமில்லை.

உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பயன்படும் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறோம். உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பின்படி, எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் மாதவாரியாக வரவேண்டியது: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிறகு மே வரை மாதம் 2.50 டி.எம்.சி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகஸ்டில் தினமும் சராசரியாக 17,000 கன அடிக்குச் சற்று மேல் வந்தால் கணக்கு சரி. பேப்பரில் நீர்வரத்துச் செய்தியைப் படிக்கும்போது இதை வைத்து நீங்களே கூட்டிப் பார்க்கலாம். மழை குறைந்த ஆண்டில்தான் இந்தப் பட்டியல் தகராறில் முடிகிறது. ஒரே ஆற்றின் தண்ணீரைப் பிரித்த ஏற்பாட்டுக்கு இந்த வலி உண்டு. ஆறுகளைப் பிரித்த சிந்து ஒப்பந்தம் 1965, 1971, 1999 சண்டைகளைத் தாண்டி நின்றதற்கு அந்த வேறுபாடும் ஒரு காரணம்.

கடையில் வாங்கும் இந்துப்பு பாகிஸ்தான் உப்பு என்கிறார்களே, உண்மையா? இப்போதும் வருகிறதா?
— காவேரிப்பட்டணம் வாசகி

நீண்ட காலம் அங்கிருந்துதான் வந்தது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உப்பு மலைத்தொடர் என்றே ஒரு மலை வரிசை உண்டு. அங்குள்ள கேவ்ரா சுரங்கத்தின் பாறை உப்புதான் இமயமலை உப்பு என்ற பெயரில் உலகமெங்கும் போகிறது. இளஞ்சிவப்பு நிறம் அதிலுள்ள இரும்பால் வருவது. 2019 பிப்ரவரியில், புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு இந்தியா பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீத வரி போட்டது. ஆகஸ்டில் அவர்கள் வணிகத்தையே நிறுத்தினார்கள். அப்புறமும் துபாய் வழியாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. 2025 மே 2 முதல் நேரடியாகவோ சுற்றியோ எந்த வழியிலும் வரக்கூடாது என்று தடை. ஆகவே பொட்டலத்தின் பின்புறம் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பார்த்து வாங்குங்கள். இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்திலும் பாறை உப்பு எடுக்கிறார்கள்.

எந்த நாட்டு உப்பானாலும் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண இந்துப்பில் அயோடின் சேர்ப்பதில்லை. சமையலுக்கு அதை மட்டுமே பயன்படுத்தினால், கர்ப்பிணிக்கும் வளரும் குழந்தைக்கும் அயோடின் குறையும். வீட்டுக்கு வரும்போது உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்கவேண்டும் என்பது விதி.

நான் குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரே நேரத்தில் விடுதலை அடைந்த இந்தியா, பாகிஸ்தான் இரண்டில் பாகிஸ்தானில் மட்டும் ராணுவம் திரும்பத் திரும்ப ஆட்சியைப் பிடித்தது ஏன்? மதம்தான் காரணம் என்கிறார் நண்பர்.
— ஊத்தங்கரை மாணவி

மதம் காரணம் என்றால், அதே மதத்தைச் சேர்ந்த மக்கள் பெரும்பான்மையாக உள்ள இந்தோனேசியா 1998க்குப் பிறகு மக்களாட்சிக்குத் திரும்பியிருக்காது. தேர்வுக்கு எழுதுவதானால் மூன்று காரணங்களை ஆண்டோடு எழுதுங்கள்.

முதலாவது, கட்சி. காங்கிரஸுக்கு 1947க்கு முன்பே கிராமம் வரை கிளை இருந்தது. முஸ்லிம் லீகின் முக்கியத் தலைவர்கள் பலர் உத்தரப் பிரதேசம், பம்பாய்ப் பக்கத்துக்காரர்கள். புதிய நாட்டில் அவர்களுக்குச் சொந்தத் தொகுதியே இல்லை. ஜின்னா 1948 செப்டம்பரில் இறந்தார். லியாகத் அலி கான் 1951 அக்டோபரில் சுடப்பட்டார். நாம் 1950ல் அரசியல் சட்டத்தை நடைமுறைப்படுத்தி, 1951–52ல் 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களோடு தேர்தலை முடித்துவிட்டோம். பாகிஸ்தானில் அரசியல் நிர்ணய சபையை 1954ல் கவர்னர் ஜெனரல் கலைத்தார், நீதிமன்றமும் அதை ஏற்றது. முதல் அரசியல் சட்டம் 1956ல் வந்து, 1958ல் ராணுவச் சட்டத்தால் போனது. வயதுவந்தோர் வாக்குரிமையோடு முதல் பொதுத்தேர்தல் நடந்தது 1970 டிசம்பரில்தான். அதில் 300 இடங்களில் 160ஐ வென்ற, கிழக்குப் பாகிஸ்தானின் அவாமி லீகுக்கு ஆட்சியைக் கொடுக்காததால் நாடே இரண்டானது.

இரண்டாவது, நிலம். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் 1950களிலேயே வந்தன. தமிழ்நாட்டில் 1961ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று இருந்த உச்சவரம்பு 1970ல் 15 ஆனது. பாகிஸ்தானில் 1959ல் வைத்த உச்சவரம்பு பாசன நிலத்தில் 500 ஏக்கர், மானாவாரியில் 1,000 ஏக்கர். அதுவும் குடும்பத்துக்கு அல்ல, தனி ஆளுக்கு. அப்பா, மகன், மருமகன் என்று எழுதிவைத்தால் எஸ்டேட் அப்படியே இருக்கும். 1972ல் 150, 300 என்றும் 1977ல் 100, 200 என்றும் குறைத்தார்கள். 1989ல் உச்ச நீதிமன்றத்தின் ஷரியத் அமர்வு, நில உச்சவரம்பே மார்க்கத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்துக் கதவைச் சாத்தியது. குத்தகைக்காரர் வீட்டு ஓட்டு நிலக்காரர் கையில் இருக்கும் ஊரில், சிப்பாய் ஆட்சிக்கு வந்தாலும் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதே குடும்பம்தான் சட்டமன்றத்துக்குப் போகிறது. ராணுவத்தை எதிர்த்து நிற்க ஆள் வருவது எப்படி?

மூன்றாவது, உள்ளாட்சி. அயூப் 1959ல், ஜியா 1979ல், முஷாரஃப் 2001ல் என்று ஒவ்வொரு தளபதியும் உள்ளாட்சி அமைப்பைக் கொண்டுவந்தார்கள், மாகாணக் கட்சிகளைத் தாண்டித் தமக்கென்று ஓர் ஆதரவு வட்டம் வேண்டும் என்பதற்காக. அதனாலேயே அடுத்து வரும் கட்சி ஆட்சிகள் உள்ளாட்சியை வேண்டாத பிள்ளையாக நடத்தின. அங்கே இன்றுவரை எந்தப் பிரதமரும் ஐந்தாண்டை முழுமையாக முடித்ததில்லை.

நம்முடைய 73வது திருத்தம் 1993 ஏப்ரல் 24ல் நடைமுறைக்கு வந்தது. அதைப் பெருமையாக எழுதுங்கள். கூடவே, தமிழ்நாட்டில் 2016 முதல் 2019 வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். 2019 டிசம்பரில் உங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் நடந்த ஊரகத் தேர்தலின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்ததும், தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராமசபையில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல, ஊர் தேர்ந்தெடுத்த தலைவர் வேண்டும். அண்டை நாட்டில் எது கெட்டது என்று படிக்கும்போதே, இங்கே எது தேய்கிறது என்றும் பார்க்கவேண்டும்.

கொரியா இரண்டில் ஒன்று மட்டும் முன்னேறியது அமெரிக்கப் பணத்தால்தானே?
— ஓசூர் வாசகர்

பணம் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் பிரிவினையின்போது சுரங்கம், அணை, கனரக ஆலை எல்லாம் இருந்தது வடக்கில்தான். தெற்கு வெறும் நெல் வயல். அந்தத் தெற்கு 1950 வாக்கில் நில உச்சவரம்பை 3 ஹெக்டேராக வைத்து, உழுதவருக்கே கொடுத்தது. பிறகு பள்ளிக்கூடம், அதன் பிறகே ஏற்றுமதி ஆலை. முந்தைய பதிலில் பாகிஸ்தானின் 500 ஏக்கரோடு இதை வைத்துப் பாருங்கள்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். வங்கதேசம் நம்மைவிட ஏழை நாடு என்றே கேள்விப்பட்டிருக்கிறேன். குழந்தைச் சாவில் அவர்கள் பாகிஸ்தானை எங்கேயோ விட்டுவிட்டார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். எப்படி?
— அரூர் வாசகி

உங்களைப் போன்ற பெண்களால். 1951 கணக்கெடுப்பில், இன்று வங்கதேசமாக உள்ள கிழக்குப் பாகிஸ்தானில் சுமார் 4.2 கோடி பேர், மேற்கில் சுமார் 3.4 கோடி. கிழக்குதான் பெரியது. இன்று மேற்கு, அதாவது இன்றைய பாகிஸ்தான், 24 கோடி; வங்கதேசம் சுமார் 17 கோடி. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பாகிஸ்தானில் 60ஐ ஒட்டி, வங்கதேசத்தில் 30ஐ ஒட்டி. 1970களின் நடுவிலிருந்தே பெண் ஊழியர்கள் வீடு வீடாகக் கருத்தடைச் சாதனங்களைக் கொண்டுபோனார்கள். குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த வீட்டில் பிள்ளைப்பேறு தானாகக் குறைந்தது. அந்த நம்பிக்கைக்கு வழி வகுத்தது உப்பும் வெல்லமும்.

பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980ல் தொடங்கிப் பத்தாண்டில் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு ஆள் அனுப்பியது. சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீரில் மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம். வயிற்றுப்போக்கு தொடங்கியதும் இதைக் கொடு. அதில் எங்கே இடறினார்கள் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். வீட்டுப் பாத்திரத்தில் அரை சேர் எதுவரை என்று தெரியவில்லை, அதனால் பாத்திரத்திலேயே கோடு போட்டார்கள். எத்தனை வீடு போனாய் என்று பார்த்துச் சம்பளம் கொடுத்தால், ஊழியர் ஓடி ஓடிச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஆகவே ஒரு மாதம் கழித்து வேறொருவர் போய் அந்தத் தாயைக் கரைசல் கலக்கச் சொன்னார், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினார். தாய் சரியாகச் செய்தால்தான் ஊழியருக்கு முழு ஊதியம். அப்படியும் கற்ற தாய்மார்கள் பலர் பயன்படுத்தவில்லை. விசாரித்தால், ஊழியர்களே தங்கள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரைக்குப் போனார்கள். அவர்களை டாக்கா மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கரைசல் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வைத்த பிறகும், வீட்டு ஆண்களையும் கூட்டிப் பேசிய பிறகும்தான் பழக்கமானது.

இந்த மருத்துவத்துக்கு நாம் அந்நியர் அல்ல. 1968ல் டாக்காவில் சோதித்ததை, 1971ல் அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்துப் போங்கான் முகாமில் டாக்டர் திலீப் மஹலநாபிஸ் பீப்பாய் பீப்பாயாகக் கலந்து கொடுத்து உயிர்களைக் காத்தார். அவர் மறைந்த பிறகு 2023ல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

உங்கள் மையத்தில் சொல்லவேண்டிய அளவு: பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவது ஆபத்து. உப்பு கூடினால் குழந்தையின் உடல்நீர் இன்னும் வெளியேறும். பொட்டலம் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு முறை போனதும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10. போக்கு நின்றுவிட்டது என்று நாலாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த தடவை வராமல் காப்பது அந்த மீதி நாட்கள்தான். கண் குழிந்து, குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ மலத்தில் இரத்தம் இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குத்தான்.

எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் திருப்பூர் வேலைக்குப் போகிறார்கள். ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விட்டது என்றால் இங்கே ஓவர்டைம் நிற்கிறது. அவர்களுக்குக் கூலி குறைவு என்பதுதான் காரணமா?
— மொரப்பூர் வாசகர்

கூலி ஒரு காரணம். 2023 டிசம்பர் முதல் அங்கே தையல் தொழிலாளியின் குறைந்தபட்ச மாத ஊதியம் 12,500 டாக்கா (வங்கதேச நாணயம்). ஆனால் பெரிய வித்தியாசம் வரியிலும் கடனிலும் இருந்தது. மிகவும் பின்தங்கிய நாடு என்ற தகுதியால் அவர்கள் சட்டை ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் நுழைந்தது. நம் சட்டை 9 சதவீதத்துக்கு மேல் வரி கட்டி நுழைந்தது. கொள்முதல் செய்பவர் பேரம் பேசுவதே இரண்டு மூன்று சதவீதத்துக்குத்தான்.

கடன் இப்படி: வெளிநாட்டு ஆர்டருக்கு வரும் வங்கி உறுதிக் கடிதத்தையே ஈடாக வைத்து, துணி வாங்க இன்னொரு உறுதிக் கடிதம் அங்குள்ள வங்கி கொடுக்கும். கைமுதல் இல்லாதவரும் ஃபேக்டரி தொடங்கலாம். 1979ல் 130 பேரைக் கொரியாவுக்கு அனுப்பிப் பழக்கியது ஒரு நிறுவனம். அவர்களில் பெரும்பாலோர் பிறகு தனியே தொழில் தொடங்கினார்கள்.

திருப்பூருக்கு வேறொரு செலவும் உண்டு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு கட்டாயம். நொய்யலுக்காக அந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும். அவர்கள் செலவைக் குறைத்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு 2013 ஏப்ரல் 24 சாட்சி. விரிசல் விட்ட ரானா பிளாசா கட்டடத்துக்குள் மறுநாளும் வேலைக்கு ஏறச் சொன்னதில் 1,134 பேர் மாண்டார்கள்.

அந்த வரிச்சலுகைக்குத் தவணை முடிகிறது. பின்தங்கிய நாடு என்ற பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற ஐ.நா. குறித்த நாள் 2026 நவம்பர் 24. ஐரோப்பா அதற்கு மேலும் மூன்றாண்டு அவகாசம் தரும். இதற்கிடையே 2025ல் அவர்கள் நம் நூலைத் தரைவழியில் தடுத்தார்கள், நாம் அவர்கள் ஆடையைக் கொல்கத்தா, நவா ஷேவா துறைமுகங்களில் மட்டும் இறக்கச் சொன்னோம். நூல் விற்கிற நம் மில்லுக்கும் அடி, வாங்குகிற அவர்களுக்கும் அடி.

சீனப் பட்டுநூல் சீராக இருக்கிறது என்று நெசவாளர்கள் அதையே கேட்கிறார்கள். அங்கே குளிர் அதிகம், அதனால்தான் தரம் என்கிறார்கள். எங்கள் பக்கமும் குளிர்தானே?
— தேன்கனிக்கோட்டை பட்டு விவசாயி

இன்று சீனாவில் மிகுதியாகக் கூடு விளையும் மாகாணம் குவாங்சி. தெற்கே, வெப்பமும் புழுக்கமும் நிறைந்த ஊர். ஆகவே குளிர் காரணமல்ல.

1978ல் அன்ஹுய் மாகாணத்துச் சியாவோகாங் கிராமத்தில் 18 குடும்பங்கள் கூட்டுப்பண்ணை நிலத்தை ரகசியமாகப் பங்கிட்டு ரேகை வைத்தன. அது பின்னர் நாடெங்கும் நடைமுறையானது. நிலம் கிராமத்தின் பெயரில் இருக்கும், தலைக்கணக்கில் சாகுபடி உரிமை குடும்பத்துக்கு. அதனால் மல்பெரி போட நிலமே இல்லாத குடும்பம் அங்கே அரிது. கூட்டைக் கொள்முதல் நிலையத்தில் வாங்கி உடனே வெப்பக்காற்றில் உலர்த்திவிடுவார்கள். உலர்ந்த கூட்டை மாதக்கணக்கில் வைத்திருந்து, தரம் பிரித்து, தானியங்கி இயந்திரத்தில் நூற்கலாம். நம்மிடம் உலர்த்தாத பச்சைக்கூடு அன்றன்றைக்கு ஏலம். நூற்பவர் கையில் இன்று ஒரு லாட், நாளை வேறு லாட். நூலின் கனம் மாறுவதற்கு அதுவும் காரணம்.

உங்கள் கையில் இருப்பது கூடு. வெண்பட்டுக் கூட்டில் இழை ஏறக்குறைய 1,000 மீட்டர். மஞ்சள் கூட்டில் அதைவிடக் கணிசமாகக் குறைவு. புழு வளர்ப்பில் எல்லாம் சரியாகச் செய்தவரும் கூடு கட்டும் மூன்று நாளில் கோட்டை விடுகிறார்கள். அந்த நாட்களில் 24, 25 டிகிரி வெப்பமும் 60 முதல் 65 சதவீத ஈரப்பதமும் போதும். தழையோடும் கழிவோடும் நெட்ரிக்காவை (புழு கூடு கட்டும் தட்டு) அடுக்கி, ஜன்னலையும் சாத்திவிட்டால் உள்ளே ஈரம் ஏறும், இழையில் உள்ள பசை காயாது. வெளியே பார்க்கக் கூடு பளிச்சென்றிருக்கும்; வெந்நீரில் போட்டு இழை எடுக்கும்போது அறுந்து அறுந்து வரும். அப்புறம் அவசரம். வெண்பட்டுக் கூட்டை ஏழு, எட்டாம் நாளில் எடுக்க வேண்டும். ஐந்தாம் நாளே எடுத்தால் கூட்டுப்புழுவின் தோல் கெட்டியாகாமல் உடைந்து, கூட்டில் கறை பிடிக்கும்.

2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பட்டு மீதான வரி 10லிருந்து 15 சதவீதமானது. வரி விலையைத் தாங்கும், அறுகிற இழையைத் தாங்காது.

எங்கள் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் ஃப்ளோரைடு. பிள்ளைகள் பல்லெல்லாம் பழுப்பு. வங்கதேசத்தில் நிலத்தடி நீரில் கலந்த ஆர்செனிக் நஞ்சுப் பிரச்சினையை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அந்த வழி எங்களுக்கு உதவுமா?
— நல்லம்பள்ளி வாசகர்

பாதி உதவும். அங்கே காலரா பயத்தால் குளத்து நீரை விட்டுவிட்டு, 1970களில் லட்சக்கணக்கில் அடிபம்புகள் போட்டார்கள். யாரும் ஆர்செனிக்கைச் சோதிக்கவில்லை. மேற்கு வங்கத்தில் 1983லேயே நோயாளிகளைக் கண்டறிந்தார்கள். அதே வண்டல், அதே நிலத்தடி நீர். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் உறுதியானது 1993ல். அந்தப் பத்தாண்டும் மக்கள் குடித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு சுமார் 50 லட்சம் அடிபம்புகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்தது. பலர் பக்கத்துப் பச்சைக் குழாய்க்கு மாறினார்கள். புதிதாகப் போட்ட குழாய்களைச் சோதிக்காமல் விட்டது அவர்கள் செய்த தவறு.

அவர்கள் வழியில் ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்செனிக் மேல்மட்ட வண்டலில்தான். 150 மீட்டருக்குக் கீழே போனால் பெரும்பாலும் நல்ல தண்ணீர். உங்கள் மண்ணுக்கு அடியில் இருப்பது கருங்கல் பாறை. ஃப்ளோரைடு பாறையிலிருந்தே கரைகிறது. ஆழம் கூட்டினால் நீர் பாறையோடு அதிக காலம் கிடக்கிறது, ஃப்ளோரைடும் கூடலாம். இன்னும் 200 அடி இறக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், சோதனை செய்யாமல் நம்பாதீர்கள்.

2013ல் வந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே இந்த நோய்க்காகத்தான். மேல்நிலைத் தொட்டியில் அதோடு போர் தண்ணீரைக் கலந்து ஏற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆற்று நீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், போரில் 3 என்று வைத்துக்கொண்டால், பாதிக்குப் பாதி கலந்தது 1.75. அனுமதித்த உச்சம் 1.5, விரும்பத்தக்கது 1. ஆக, கலந்த தண்ணீர் குடிக்க ஆகாது. குடிக்க, சமைக்க ஆற்று நீர் தனிக் குழாயில். மாட்டுக்கும் துணிக்கும் போர் நீர். கிராமசபையில் இதைத் தீர்மானமாகவே கேளுங்கள்.

சோதனைக்கு எடுத்துப்போகும்போது ஐந்து நிமிடம் மோட்டார் ஓடவிட்டு, அந்த நீராலேயே இரண்டு முறை கழுவிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். கொதிக்க வைத்தால் போகுமா என்று பலர் கேட்கிறார்கள். போகாது. நீர் ஆவியாகி ஃப்ளோரைடு அடர்த்திதான் கூடும். பால் சேர்க்காத கடுந்தேநீரையும் கறுப்பு உப்பையும் குறையுங்கள், இரண்டிலும் ஃப்ளோரைடு உண்டு. பால், ராகி, கீரை, நெல்லிக்காய் பிள்ளைகளுக்குத் தினமும் கிடைக்கட்டும். வெளிவந்துவிட்ட பல்லின் பழுப்பு இதனால் மாறாது. பல் உள்ளே உருவாகும் வயது எட்டு வரை. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு முதலில் ஆற்று நீர் போகட்டும்.